வெள்ளையாய் விட்ட வரி

அம்பிட்டிய,
04.05.2025

அன்புத் தங்கை டிலானிக்கு,

இங்கே எல்லாரும் நலம். அங்கே குளிர் தொடங்கியிருக்குமே, உன் இருமல் விட்டதா? போனில் கேட்கலாம் என்றால், உன் அழைப்பு வந்த உடனே அப்பா போனைப் பறித்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்விடுகிறார். திரும்பி வரும்போது சார்ஜ் இருக்காது. அதனால்தான் மெயில். இதோடு ஒரு ஃபைலும் அனுப்ப வேண்டியிருக்கிறது.

ஆடித் திருவிழாவில் எந்த நாள் பூசை எந்தக் குடும்பத்தின் உபயம் என்று ஒவ்வொரு வருஷமும் கோயில் சுவரில் ஒட்டுவோமே, அந்த அட்டவணையை இந்த முறை கோயிலின் இணையத்தளத்திலும் போட வேண்டும் என்று தலைவர் மூக்கையா மாமா சொல்லிவிட்டார். அம்மா போன பிறகு வருகிற முதல் திருவிழா. வருஷம் திரும்பும்வரை அப்பா கோயில் பக்கம் போவதில்லை. ஆனால் செயலாளர் வேலையை மட்டும் விடவில்லை. மாமா போனில் சொல்வார், அப்பா எனக்குச் சொல்வார், மடவளையில் நான் வேலை செய்யும் முஹைதீன் நானாவின் ஹாட்வெயார் கடையில் பகல் சாப்பாட்டு நேரத்தில் டைப் அடிப்பேன். எக்செல்லில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நிறம் கொடுத்து, இரட்டைக் கோடு போட்டு, அழகாகத்தான் செய்தேன். பிறகு அதையே இணையப் பக்கமாகச் சேமித்து ஏற்றினேன்.

அங்கேதான் வினை. பாப்பம்மா அத்தை தன் போனில் திறந்தார். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது, போன் சூடாகிவிட்டது. "ஏன் புள்ள, இதுல சோறாக்கலாம் போல இருக்கே" என்றார். அப்பா சிரித்தார். சிரித்துவிட்டு, "சின்னவகிட்ட அனுப்பு, அவ ஒரு நிமிசத்துல செஞ்சிருவா" என்றார்.

நான் வாரக்கணக்கில் செய்தது உனக்கு ஒரு நிமிஷம். எனக்குப் பொறாமை இல்லை என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய், அதனால் எழுதவில்லை. ஃபைல் இதோடு இருக்கிறது.

உடம்பைக் கவனித்துக்கொள்.
உன் அக்கா
பிரேமிளா

*

மெல்பேர்ண்,
11.05.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். இருமல் போய், இப்போது தடிமன் வந்திருக்கிறது. அப்பா பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? அத்தானையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ஃபைலைத் திறந்தேன். சிரிக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன், முடியவில்லை. எக்செல்லிடம் இணையப் பக்கமாகச் சேமி என்று சொன்னால் அது வீட்டுச் சாமான் முழுவதையும் மூட்டை கட்டிவிடும். ஒவ்வொரு கட்டத்துக்கும் எழுத்தின் பெயர், அளவு, கோட்டின் தடிப்பு, அகலம் என்று எல்லாவற்றையும் திரும்பத் திரும்ப எழுதும். மூக்கையா மாமாவின் பெயரைக் கண்டுபிடிக்க நான் அரைப் பக்கம் குப்பையைத் தள்ள வேண்டியிருந்தது. அது போதாதென்று நீங்களும் நிறத்தை அடிவரைக்கும் பூசியிருக்கிறீர்கள். அதனால் பெயர்கள் முடிந்த பிறகும் ஆயிரக்கணக்கான வெற்று வரிகள் வரிசையில் நிற்கின்றன. பாப்பம்மா அத்தையின் போன் பாவம், அத்தனையையும் சுமந்திருக்கிறது.

கவலைப்பட வேண்டாம். எல்லாவற்றையும் களைந்து அனுப்புகிறேன். வேலை கொஞ்சம் கூடுதல், இரண்டு மூன்று கிழமை பொறுங்கள்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று நினைத்தேன். பரவாயில்லை, பிறகு கேட்கிறேன்.

அன்புடன்
டிலானி

*

அம்பிட்டிய,
18.05.2025

அன்புத் தங்கைக்கு,

நலம். தடிமனுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடி. அங்கே கிடைக்கும்தானே?

நான் செய்தது குப்பை என்று உன் மெயிலில் எழுதியிருந்ததை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அந்தச் சொல்லை மட்டும் விட்டுவிட்டுத்தான் வாசித்தேன். அவர் அதற்குள் "பாத்தியா, உடனே கண்டுபுடிச்சிட்டா" என்று எழுந்து போய் மாமாவுக்குப் போன் எடுத்தார். "எங்க சின்ன மக அவுஸ்திரேலியாவிலயிருந்தே செய்யுறா" என்று அவர் சொன்னது பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். மடவளைக்கு இரண்டு பஸ் மாறிப் போய் டைப் அடித்த மகளைப் பற்றி ஒன்றும் சொன்னதாக எனக்குக் கேட்கவில்லை.

என்ன கேட்க நினைத்தாய்? கேட்டிருக்கலாம். இந்த வருஷம் நீ ஏதாவது கேட்பாய் என்றுதான் நானும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்
அக்கா

*

மெல்பேர்ண்,
01.06.2025

அன்புள்ள அக்கா,

நலம். நீங்களும் அப்பாவும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

ஃபைல் தயார். நிறம், இரட்டைக் கோடு, எக்செல் தனக்காக எழுதிக்கொண்ட கணினி நிரல், வெற்று வரிகள் எல்லாம் போய்விட்டன. எழுத்து எப்படி இருக்க வேண்டும் என்பதை மேலே ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். கீழே பெயர்கள் மட்டும். கண் மூடித் திறப்பதற்குள் பக்கம் வந்துவிடும். பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.

இதை எங்கள் அலுவலகத்தில் காட்டினேன். முன்னையதையும் பின்னையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள். கோபிக்க வேண்டாம், எக்செல்லைப் பார்த்துத்தான் சிரித்தார்கள்.

அன்புடன்
டிலானி

*

அம்பிட்டிய,
06.06.2025

அன்புத் தங்கைக்கு,

நலம். அப்பாவுக்கும் சுகம்தான்.

ஃபைல் வந்தது. வேகமாகத்தான் திறக்கிறது, அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. தேடிப் பார்த்தேன். வெள்ளையும் கறுப்புமாக ஆஸ்பத்திரி அறிவித்தல் போல இருக்கிறது, அவ்வளவுதான். அம்மனுக்கு மஞ்சளும் சிவப்பும் வேண்டும் என்று மெல்பேர்ணில் மறந்துவிட்டார்கள் போல. போகட்டும், நிறத்துக்காக நான் சண்டைக்கு வரவில்லை.

ஆனால் மூன்றாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் நடுவில் நான் ஒரு வரியை வெறுமையாக விட்டிருந்தேன். மற்ற வெற்று வரிகளோடு சேர்த்து அதையும் நீ அழித்துவிட்டாய். அதைத் திரும்பப் போட்டு அனுப்பியிருக்கிறேன். அந்த ஒரு வரியில் மட்டும் கை வைக்காதே. ஏன் என்று உனக்கே தெரியும்.

அன்புடன்
அக்கா

*

மெல்பேர்ண்,
15.06.2025

அக்காவுக்கு,

நலம்.

நீங்கள் திருப்பி அனுப்பியதை மறுபடி என் துப்புரவு நிரலில் ஓடவிட்டேன். வெற்று வரி எங்கே இருந்தாலும் அது தானாக எடுத்துவிடும், எடுத்துவிட்டது. ஒன்றும் இல்லாத வரி இருந்து என்ன செய்யப் போகிறது? மூன்றுக்கு அடுத்ததாக ஐந்து என்று இருந்தது உங்கள் டைப்பிங் பிழை என்று நினைக்கிறேன். அதை நான்கு என்று திருத்தி, மற்ற நாட்களையும் வரிசைப்படி மாற்றிவிட்டேன். அப்படியே ஏற்றுங்கள்.

யாருடைய பெயர் அட்டவணையில் இருக்க வேண்டும் என்று நினைத்தீர்களோ, அது இருக்கிறதுதானே. "சுந்தரலிங்கம் குடும்பம்" என்று அத்தானுடைய பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. அது போதாதா?

டிலானி

*

அம்பிட்டிய,
18.06.2025

டிலானிக்கு,

உன் கடைசி வரி எனக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ளவும் முயலவில்லை.

இந்த முறை உனக்கு ஃபைலை அனுப்பப் போவதில்லை. உன் ஃபைலின் நிரலைத் திறந்து நானே பார்த்தேன். நீ நினைக்கிற அளவுக்கு அது பெரிய வித்தை இல்லை. ஒரு வரி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்து, அதே போல ஒன்றை உள்ளே ஒன்றும் எழுதாமல் மூன்றாம் நாளுக்குக் கீழே செருகினேன். நாட்களையும் பழையபடி ஆக்கினேன். முஹைதீன் நானா பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டு, "என்ன புள்ள, ஒண்டும் இல்லாத எடத்துக்கு இவ்வளவு பாடு படுறீங்க" என்றார். என்னால் அவருக்குப் பதில் சொல்ல முடிந்தது. உனக்குச் சொல்ல வேண்டியிருக்கக் கூடாது.

பிரேமிளா

*

மெல்பேர்ண்,
29.06.2025

அக்காவுக்கு,

பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன்.

கோயில் தளத்தைத் திறந்து பார்த்தேன். என் ஃபைல்தான், நடுவில் உங்கள் வெற்று வரி. நான் என்ன செய்தாலும் அதில் உங்கள் கை பட்டே தீர வேண்டும். என் பள்ளிக்கூட சயன்ஸ் கொப்பியில்கூட தலைப்பு உங்கள் கையெழுத்தில்தான் இருந்தது. நான் நன்றாகச் செய்துவிட்டேன், அப்பா அதைச் சொல்லிவிட்டார், அது உங்களுக்குப் பொறுக்கவில்லை. இது பொறாமை, அக்கா.

நீங்கள் அப்பாவோடு இருக்கிறீர்கள். அம்மாவோடும் இருந்தீர்கள். விசா முடிவு வராமல் நாட்டை விட்டுப் போனால் திரும்ப வர முடியாது என்றார்கள், நான் இங்கேயே நின்றேன். எனக்குக் கிடைத்தது ஒரு வீடியோ. அதுவும் அம்மாவைத் தூக்குகிற இடத்தில் நின்றுவிட்டது. வீடு, அப்பா, அம்மாவின் சேலை, அம்மாவின் அலுமாரி எல்லாம் உங்களிடம்தான். ஒரு ஃபைலையாவது எனக்கு விட்டுத்தரக் கூடாதா?

டிலானி

*

அம்பிட்டிய,
30.06.2025

டிலானி,

நலம் விசாரிக்க இப்போது மனம் வரவில்லை. பிறகு விசாரிக்கிறேன்.

ஆமாம், பொறாமைதான். உன் அழைப்பு வருகிற ஞாயிற்றுக்கிழமையில் அப்பா சவரம் செய்துகொண்டு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். தினமும் எதிரில் நிற்கிற என்னிடம் மாத்திரை எங்கே என்று மட்டும் கேட்கிறார். அம்மா கடைசிக் கிழமை முழுக்க என்னை டிலானி என்றுதான் கூப்பிட்டார். "டிலானி, தண்ணி கொண்டா" என்பார். நான் பிரேமிளா என்று ஒரு தடவை சொன்னேன். அவர் முகம் வாடிப்போனது. அதற்குப் பிறகு நான் டிலானியாகவே போய்த் தண்ணீர் கொடுத்தேன். இதை உன்னிடம் சொல்லவே கூடாது என்று இருந்தேன். அதைக் கேட்டு நீ சந்தோஷப்படுவாய் என்ற பொறாமைதான்.

நீ நாட்களை மாற்றி அனுப்பிய அந்த ஃபைலை அப்படியே ஏற்றிவிடலாம் என்றும் நினைத்தேன். ஐந்தாம் நாள்காரர்கள் நான்காம் நாளே பூத்தட்டோடு வந்து நிற்பார்கள், அதற்குப் பிறகு எல்லாருக்கும் ஒரு நாள் முந்திவிடும். பாப்பம்மா அத்தை வாயைத் திறந்தால் கண்டி டவுன் வரைக்கும் கேட்கும். செல்லச்சாமியின் சின்ன மகள் செய்த வேலை என்று ஊரே பேசும். நினைக்க நன்றாகத்தான் இருந்தது.

ஏன் செய்யவில்லை என்றால், அந்த வரி அம்மாவுடையது.

துக்க வீட்டின் உபய நாளை நம் கோயிலில் வேறு யாருக்கும் கொடுப்பதில்லை. அந்த வருஷம் பெயரும் எழுதுவதில்லை, எத்தனையாம் நாள் என்றும் எழுதுவதில்லை. வரியை வெள்ளையாக விட்டுவிடுவார்கள். அன்றைய பூசையைக் கோயிலே பார்த்துக்கொள்ளும். சுவரில் அதைப் பார்க்கிறவர்கள் எந்த வீடு என்று தெரிந்துகொண்டு பேசாமல் போவார்கள். கெலிஓயா மாமா இறந்த வருஷம் இரண்டாம் நாள் வரி வெள்ளையாக இருந்ததே, நீ அப்போது இங்கேதான் படித்துக்கொண்டிருந்தாய்.

நான்காம் நாள் யாருடையது, டிலானி? நாம் பிறந்ததிலிருந்து யாருடையது? நீ அதை இரண்டு முறை அழித்தாய். ஒன்று கேட்க வேண்டும் என்று முதலில் எழுதினாயே, இதைத்தான் கேட்கப் போகிறாய் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். சொல்லாமலே உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

பிரேமிளா

*

மெல்பேர்ண்,
12.07.2025

அன்பு அக்கா,

நீங்கள் நலமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. நலமாக இருங்கள்.

உங்கள் மெயில் வந்ததிலிருந்து எழுதி எழுதி அழித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் வேலையில் கட்டத்துக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிப்பதில்லை, கட்டம் சரியா என்று மட்டும்தான் பார்ப்போம் என்று முதலில் எழுதினேன். அது பாதிப் பொய், அதனால் அழித்தேன்.

ஃபைலைத் திறந்த அன்றே நான் முதலில் செய்தது அப்பாவின் பெயரைத் தேடியதுதான். செல்லச்சாமி என்று டைப் அடித்தேன். இல்லை என்று வந்தது. எழுத்துப் பிழையாக்கும் என்று அம்மாவின் பெயரை, பரிமளம் என்று டைப் அடித்தேன். அதுவும் இல்லை. ஆனால் அத்தானுடைய பெயர் இருந்தது. அம்மா போன கையோடு எங்கள் நாளை உங்கள் வீட்டு நாளாக மாற்றிக்கொண்டீர்கள் என்று நினைத்தேன். ஒன்பதாம் நாள் எப்போதும் அத்தான் குடும்பத்தின் நாள் என்பது எனக்கு நினைவுக்கு வரவே இல்லை. கேட்க வேண்டும் என்றது அதைத்தான். கேட்டால் நீங்கள் ஆமாம் என்று சொல்லிவிடுவீர்களோ என்று கேட்கவில்லை. அந்தக் கோபத்தில்தான் அந்த ஃபைலை வழித்துத் துடைத்தேன். அப்பாவின் பெயரைத் தேடிக்கொண்டே, அந்தப் பெயருக்கான இடத்தை அழித்திருக்கிறேன்.

அம்மா என்னைக் கூப்பிட்டதை எத்தனை தரம் வாசித்தேனோ தெரியாது. சந்தோஷமாகத்தான் இருந்தது, நீங்கள் நினைத்தது சரி. பிறகு, அந்தத் தண்ணீரைக் கொடுத்த கை உங்களுடையது என்று நினைத்தேன். இப்போது எனக்குத்தான் கூடுதலான பொறாமை.

புது ஃபைல் அனுப்புகிறேன். உங்கள் நிறங்கள் எல்லாம் திரும்ப வந்துவிட்டன. அவற்றை ஒரே இடத்தில் எழுதி எல்லா வரிக்கும் பொதுவாக்கியிருப்பதால் பாப்பம்மா அத்தையின் போன் தாங்கும். நான்காம் நாள் வரி வெள்ளையாகவே இருக்கிறது. நிரலுக்குள் நாங்கள் எங்களுக்காகக் குறிப்பு எழுதுவதுண்டு. பக்கத்தைப் பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது, நிரலைத் திறந்து துப்புரவு செய்ய வருகிறவர்களுக்கு மட்டும் தெரியும். அந்த வரிக்கு மேலே ஒரு குறிப்பு எழுதியிருக்கிறேன்: "இதை அழிக்க வேண்டாம். இது எங்கள் அம்மாவின் நாள்."

கொடியேற்றத்துக்கு முன் ஏற்றிவிடுங்கள்.

உங்கள் தங்கை
டிலானி

*

அம்பிட்டிய,
03.08.2025

அன்புத் தங்கை டிலானிக்கு,

நாங்கள் நலம். விட்டுப்போன முறைக்கும் சேர்த்து விசாரிக்கிறேன்: நீ நலமா? ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? தடிமன் முற்றாகப் போய்விட்டதா? இங்கே கண்டிப் பெரஹரா ஊர்வலக் கூட்டத்தில் பஸ் டவுனுக்குள் போவதே இல்லை, தினமும் பாதித் தூரம் நடைதான். அதனால்தான் பதில் தாமதம். இது உண்மையான காரணம், சாட்டு இல்லை.

திருவிழா நல்லபடியாக முடிந்தது. எல்லாரும் அவரவர் நாளில் சரியாக வந்தார்கள். பாப்பம்மா அத்தை போனை எல்லாருக்கும் நீட்டி நீட்டிக் காட்டினார், சூடாகவில்லையாம். நான்காம் நாள் அன்று அப்பாவும் நானும் வீட்டிலேயே இருந்தோம். கீழே கோயிலிலிருந்து மேளச் சத்தம் மட்டும் மேலே வந்தது. அந்த நேரம் அப்பா என் போனைக் கேட்டு வாங்கி அட்டவணையைத் திறந்தார். மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவில் அந்த வெள்ளை வரி. அதன்மேல் விரலை வைத்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "பாத்தியா, அங்க இருந்துக்கிட்டும் நம்ம வழக்கத்த மறக்கல பாரு சின்னவ. எடத்த விட்டு வச்சிருக்கா."

டிலானி, நான் வாயைத் திறந்தேன். ஒரு சொல் போதும். இரண்டு முறை அழித்தது யார், செருகியது யார் என்று நிரலோடு காட்டியிருப்பேன். அவர் கண் நிறைந்திருந்தது. தேத்தண்ணி ஊற்றப் போகிறேன் என்று குசினிக்குள் போய்விட்டேன். அங்கே நின்று உன்னை நன்றாகத் திட்டினேன், கேட்டிருக்கும். அந்தப் பெருமையை நீயே வைத்துக்கொள். அந்தக் குறிப்பை எழுத எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்ற எரிச்சலும் இன்னும் இருக்கிறது.

ஐப்பசியில் அம்மாவின் வருஷத் திதி முடிந்துவிடும். அடுத்த ஆடியில் அந்த வரியில் பெயர் எழுதலாம். அப்பாவின் பெயருக்குக் கீழே நம் இரண்டு பேருடைய பெயரும் வரும். யாருடையது முதலில் என்பதை மெயிலில் பேசித் தீர்க்க முடியாது. விசா கிடைத்த உடனே வா, நேரில் நின்று சண்டை பிடிப்போம். உன் கட்டிலில் கிடக்கும் துணிகளை எடுத்துவிடுகிறேன்.

முதலில் என் பெயர்தான். இப்போதே சொல்லிவிட்டேன்.

உன் அக்கா
பிரேமிளா